செயற்கை ஜவ்வும் எலும்பும்: குன்னூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் பிசியோதெரபி செய்கிறேன். கோயம்புத்தூரில் முழங்கால் ஆபரேஷன் முடித்துவிட்டு மலைக்குத் திரும்புகிறவர்களில் பலர் அடுத்த சில மாதங்களுக்கு எங்களிடம்தான் வருகிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் வழுக்கி விழுந்தவர்கள், ஃபுட்பால் ஆடும் பையன்கள், கொண்டை ஊசி வளைவில் பைக்கோடு சறுக்கியவர்கள் என்று எல்லாரும் உண்டு. கொஞ்ச காலமாக "செயற்கை ஜவ்வு", "எலும்பு ஒட்டுகிற பூச்சு" என்று செல்போனில் பார்த்துவிட்டு வந்து கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். ஆபரேஷன் தேவையா, எந்த முறை என்பதை உங்கள் எலும்பு மருத்துவர்தான் முடிவு செய்வார். அவரிடம் தெளிவாகப் பேச இது உதவும்.

"ஸ்கேன்ல ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு வந்திருக்கு மேடம். எந்த ஜவ்வு? எல்லாம் ஒண்ணுதானே?"

இல்லை. ரிப்போர்ட்டில் ஏசிஎல் என்று இருக்கிறதா, மெனிஸ்கஸ் என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மெனிஸ்கஸ் என்பது இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு வட்டு. ஏசிஎல் என்பது தொடை எலும்பையும் அதற்குக் கீழே உள்ள பெரிய கால் எலும்பையும் மூட்டின் நடுவில் குறுக்காகப் பிடித்திருக்கும் நார்க்கட்டு. சுமார் 3 சென்டிமீட்டர் நீளம்தான். கீழ் எலும்பு முன்பக்கம் நழுவாமலும், கால் திரும்பும்போது முட்டி சுழன்றுவிடாமலும் பார்த்துக்கொள்வது அதன் வேலை. இந்தப் பக்கம் முழுவதும் ஏசிஎல் பற்றியது.

"கிழிஞ்சதைத் தச்சு விட்டா போதாதா? எதுக்குப் புதுசா ஒண்ணு வைக்கணும்?"

மற்ற இடங்களில் காயம் பட்டால் ரத்தம் உறைந்து, அந்த உறைவின் மேல்தான் புதுத் திசு வளர்கிறது. ஏசிஎல் மூட்டுத் திரவத்துக்குள் இருப்பதால் அந்த உறைவு அங்கே நிலைப்பதில்லை. கிழிந்த நுனிகள் விலகியே நிற்கின்றன. அதனால்தான் பெரும்பாலும் தைப்பதற்குப் பதிலாக வேறொரு நாரை வைக்கிறார்கள். எல்லாருக்கும் ஆபரேஷன் வேண்டும் என்பதும் இல்லை. சமதளத்தில் நடமாடுகிறவர், முட்டி நழுவாதவர் சிலர் பயிற்சியிலேயே நன்றாக இருக்கிறார்கள்.

வைக்கிற நார் பெரும்பாலும் உங்களுடையதுதான். தொடையின் பின்பக்கத் தசைநார், அல்லது முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள தசைநார். இரண்டு எலும்பிலும் துளை போட்டு, நாரை அதன் வழியே இழுத்து, இரு முனையையும் இறுக்கி விடுவார்கள். செயற்கை ஜவ்வு வைத்தாலும் இதே துளை, இதே பாதைதான். "துளை" என்று இனி நான் எழுதும் இடத்திலெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

"செயற்கை ஜவ்வுன்னா ரப்பரா? எதுல செய்யறாங்க?"

ரப்பர் இல்லை. இப்போது அதிகம் பேசப்படுவது பாலியஸ்டர் இழை. வேதியியல் பெயர் பாலிஎத்திலீன் டெரிப்தாலேட், சுருக்கமாக பெட். பிரான்சில் உருவான லார்ஸ் என்ற ஜவ்வு இந்த வகைதான். எலும்புக்குள் போகும் இரண்டு முனையும் பின்னலாக இருக்கும். மூட்டுக்குள் நிற்கும் நடுப்பகுதி பின்னப்படாமல் தனித்தனி இழைகளாக இருக்கும். வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று என்று இழைகளின் முறுக்கும் மாறும்.

இதற்கு முன்னால் வந்தவற்றின் கதை நல்ல கதை இல்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டியது. 1970-களில் கார்பன் இழை வைத்துப் பார்த்தார்கள். அது தூள் தூளாக உதிர்ந்து மூட்டெல்லாம் கறுப்பாகப் படிந்தது. கோர்டெக்ஸ் ஜவ்வுக்கு 1986-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, 1993-இல் அது சந்தையை விட்டுப் போனது. டாக்ரான் என்ற ஜவ்வும் அதே வழியில் போனது. அறுந்து போவது, உதிர்ந்த துகளால் மூட்டு வீங்குவது, எலும்புத் துளை அகன்று போவது என்ற மூன்றும்தான் திரும்பத் திரும்ப வந்த புகார்கள். மூன்றாவது புகார்தான் இந்தப் பக்கத்தின் பொருள்.

"தண்ணி பாட்டிலையே நீலகிரிக்குள்ள விடமாட்டேங்கறாங்க. அதே பிளாஸ்டிக்கைக் காலுக்குள்ள வைக்கலாமா?"

நியாயமான கேள்வி. கல்லாறு, பர்லியாறு பக்கம் பையைச் சோதித்து பாட்டிலை எடுத்து வைக்கிறவர்களைப் பார்த்த யாருக்கும் இது தோன்றும். பொருள் ஒன்றுதான். மலையில் தடை செய்யக் காரணம், அது மக்காமல் காட்டிலும் ஓடையிலும் கிடப்பது. உடலுக்குள் வைக்க மருத்துவர்கள் தேர்ந்தெடுத்ததும் அதே குணத்துக்காகத்தான். சட்டென்று சிதையாது, ரத்தத்தில் கரையாது. இதய அறுவைச் சிகிச்சையில் செயற்கை ரத்தக்குழாய்க்கும் தையல் நூலுக்கும் பாலியஸ்டர் நெடுங்காலமாகப் பயன்படுகிறது.

ஆனால் உடலில் நஞ்சாகாது என்பதும், உடல் அதைச் சேர்த்துக்கொள்ளும் என்பதும் வேறு வேறு. பாலியஸ்டர் முதல் பரீட்சையில் தேறிவிட்டது. இரண்டாவதில்தான் தடுமாறுகிறது.

"நூல் அவ்வளவு ஸ்ட்ராங்குன்னா ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ போட்டு முடுக்கிட்டா முடிஞ்சுது. எலும்பு வேற எதுக்கு ஒட்டணும்?"

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். இளைஞர் ஒருவருடைய இயற்கையான ஏசிஎல்லை ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்தபோது சுமார் 2,160 நியூட்டன் விசையில்தான் அறுந்தது. கிட்டத்தட்ட 220 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். பாலியஸ்டர் ஜவ்வு அந்த விசையைத் தாங்கும்படி செய்யப்படுகிறது. ஆகவே ஒரே இழுப்பில் அது அறுந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

தொல்லை தருவது அந்த ஒரு பெரிய இழுப்பு இல்லை, நாள்தோறும் வரும் சின்னச் சின்ன இழுப்புகள். சாதாரணமாக நடமாடும் ஒருவர் ஒரு காலால் வருடத்துக்குப் பத்து லட்சம் அடிக்கு மேல் வைக்கிறார். நம்மூர்ச் சரிவில் ஒவ்வோர் அடியும் சமவெளியில் வைப்பதைவிடக் கடுமையானது. ஸ்க்ரூ நாரைத் துளைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவுதான். நார் உள்ளே ஒரு மயிரிழை அசைந்தாலும் அசைவு நாள்தோறும் தொடரும். எலும்புக்கும் உள்ளே வைத்த பொருளுக்கும் இடையே 0.15 மில்லிமீட்டர் அளவுக்கு மேல் அசைவு இருந்தால் அங்கே எலும்பு வளராமல் மெத்தென்ற நார்த்திசுதான் வளரும் என்று உலோக மூட்டுகளில் செய்த ஆய்வுகள் காட்டின. நார்த்திசு வளர்ந்தால் இடைவெளி, இடைவெளி வந்தால் மூட்டுத் திரவம் உள்ளே இறங்கும், திரவம் இறங்கினால் துளை அகலும், துளை அகன்றால் அசைவு இன்னும் கூடும். ஸ்க்ரூ இந்தச் சுழற்சியைத் தள்ளிப்போடும், ஆனால் நிறுத்தாது. எலும்பே நாரைக் கவ்விக்கொண்டால்தான் நிற்கும். நூல் வலுவாக இருப்பது ஒன்று, எலும்பு அதைப் பிடித்திருப்பது இன்னொன்று. இந்த வித்தியாசம் பிடிபட்டால் கீழே வரும் பதில்களெல்லாம் எளிது.

"பாலியஸ்டர்ல எலும்பு ஏன் ஒட்ட மாட்டேங்குது? டைட்டானியத்துல ஒட்டுதே?"

உள்ளே வைத்த பொருளை எலும்பு நேரடியாகத் தொடுவதில்லை. வைத்த சில நொடிகளிலேயே ரத்தத்தில் உள்ள புரதங்கள் அதன் மேல் படிந்துவிடும். பின்னால் வரும் எலும்புச் செல்கள் அந்தப் புரதப் படலத்தைத் தடவிப் பார்த்துத்தான் அங்கே தங்குகின்றன அல்லது விலகுகின்றன. டைட்டானியத்தின் மேல் தானாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது. நீர் அதில் பரவும், புரதங்கள் நல்ல வடிவில் அமரும். சுவீடனில் பிரானெமார்க் என்ற ஆய்வாளர் 1950-களில் முயல் எலும்பில் வைத்த டைட்டானியத்தைத் திரும்பக் கழற்ற முடியாமல் போனதிலிருந்துதான் பல் இம்ப்ளான்ட் வளர்ந்தது.

பாலியஸ்டர் நீரை விலக்கும் பொருள். மழைக்கோட்டுத் துணியில் பார்க்கிற அதே குணம். அதில் படியும் புரதங்கள் உருக்குலைந்து அமர்கின்றன, எலும்புச் செல்களுக்கு அங்கே பிடிமானம் கிடைப்பதில்லை. உடல் அதை அந்நியப் பொருளாக எடுத்துக்கொண்டு சுற்றிலும் நார்த்திசுவால் ஓர் உறை கட்டிவிடுகிறது. எலும்பு அந்த உறைக்கு வெளியே நின்றுவிடும். மேற்பரப்பை மாற்றும் முயற்சியெல்லாம் இந்த உறையை உருவாக விடாமல் தடுக்கத்தான்.

"நான் இந்து நகர் எச்பிஎஃப்ல கோட்டிங் பக்கம் வேலை பார்த்தவன்மா. பாலியஸ்டர் மேல ஜெலட்டின் நேரா ஒட்டாது, அடிப்பூச்சு கொடுத்துத்தான் எமல்ஷன் போடுவோம். இதுவும் அப்படியா?"

அப்படியேதான் அய்யா. இந்தக் கேள்வி வந்த பிறகு மற்றவர்களுக்கு விளக்குவதும் எனக்குச் சுலபமாகிவிட்டது. தெரியாதவர்களுக்காக: ஊட்டியில் இயங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் எக்ஸ்ரே பிலிம் தயாரித்தது. பிலிமுக்கு அடித்தளமாக வரும் பாலியஸ்டர் தாளும் நாம் பேசும் ஜவ்வும் ஒரே பொருள். நீரை விலக்கும் அந்தத் தாளில் நீர் கலந்த ஜெலட்டின் நிற்காது. முதலில் மேற்பரப்பை மின்னூட்டத்தாலோ வேதிப்பொருளாலோ மாற்றி, இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற ஓர் அடிப்பூச்சு கொடுத்து, அதன் மேல்தான் எமல்ஷன், அதாவது படம் பதியும் ஜெலட்டின் பூச்சு.

ஜவ்விலும் முதல் படி அதுதான். ஆக்சிஜன் பிளாஸ்மாவில் (ரத்தப் பிளாஸ்மா இல்லை, மின்னூட்டம் ஏற்றிய வாயு) சில நிமிடம் காட்டினால் இழையின் மேல்தோலில் நீரை விரும்பும் வேதித் தொகுதிகள் உண்டாகும். காரத்தில் ஊறவைத்தாலும் உண்டாகும், ஆனால் அதிகம் ஊறினால் இழையே மெலிந்துவிடும். பிளாஸ்மாவால் வந்த மாற்றமும் நிலையானதில்லை. நாள்பட வைத்திருந்தால் மேற்பரப்பு பழைய குணத்துக்கே மெல்லத் திரும்பும். பிலிம் தொழிற்சாலையில் மேற்பரப்பை மாற்றியதும் தாமதிக்காமல் பூச்சுக்குப் போவதன் காரணமும் இதுதானே.

"சரி, மேல என்னதான் பூசறாங்க?"

முதலில் நினைவுக்கு வருவது எலும்பின் சொந்தத் தாது. எலும்பின் எடையில் பெரும்பங்கு ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் வகை. அதையே மெல்லிய படலமாகப் பூசினால் எலும்புச் செல்கள் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொள்கின்றன. ஷாங்காயின் ஹுவாஷான் மருத்துவமனைக் குழு பாலியஸ்டர் ஜவ்வில் இதைப் பூசி முயல்களில் வைத்துப் பார்த்தபோது, பூசாத ஜவ்வைவிடத் துளைக்குள் எலும்பு நெருங்கி வளர்ந்திருந்தது.

பூசுகிற விதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் கொகுபோ குழு 1990-வாக்கில் கொண்டுவந்த முறை. ரத்தத்தின் நீர்ப்பகுதியில் இருக்கும் உப்புகளைக் கிட்டத்தட்ட அதே அளவில் கலந்து, உடல் வெப்பத்தில் வைத்து, பதப்படுத்திய பொருளை அதில் ஊறவிடுவார்கள். சில நாட்களில் எலும்புத் தாது தானாகவே அதன் மேல் படியும். பின்னலின் உள் இழைகள் வரை திரவம் போவதால் பூச்சும் உள்ளே போகும். அடுத்தது பயோகிளாஸ். 1969-இல் அமெரிக்காவில் லாரி ஹென்ச் உருவாக்கிய கண்ணாடி இது. சிலிக்கா, சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் ஆக்சைடுகள் சேர்ந்தது. உடல் திரவம் பட்டதும் மெல்லக் கரைந்து, மேலே எலும்புத் தாதுப் படலமாக மாறும்.

அடிப்பூச்சாக நிற்க வல்லது பாலிடோபமைன். கடல் மட்டி பாறையில் ஒட்டிக்கொள்ளும் பசையிலிருந்து கிடைத்த யோசனை, 2007-இல் வெளிவந்தது. லேசான காரத்தன்மையுள்ள நீரில் டோபமைனைக் கரைத்து எந்தப் பொருளை முக்கினாலும் பழுப்பாக ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும், அதன் மேல் மற்றதை ஏற்றலாம். பாரிஸில் மிகோனே குழு வேறு வழியில் போனது. எதையும் மேலே பூசாமல், சல்போனேட் தொகுதிகள் கொண்ட பாலிமர் சங்கிலிகளை இழையோடேயே வேதிப் பிணைப்பால் வளர்த்தார்கள். அதை ஆடுகளில் சோதித்திருக்கிறார்கள். உதிர்ந்துவிடுமோ என்ற பயம் குறைவு என்பதால் இந்த வழியை நான் மதிக்கிறேன். எலும்பு வளரத் தூண்டும் பிஎம்பி புரதத்தைச் சேர்ப்பதும் உண்டு. ஆனால் அளவு கூடினால் வேண்டாத இடத்திலும் எலும்பு வளரும்.

"எங்க அத்தைக்கு இடுப்பு மூட்டு மாத்தினாங்க. அதுல கால்சியம் பூச்சு ஏற்கனவே இருக்குன்னாங்களே. அதையே இதுக்கும் பூச வேண்டியதுதானே?"

அத்தைக்கு வைத்தது உலோகம். உலோக மூட்டுகளில் ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சு 1980-களிலிருந்தே இருக்கிறது. பல ஆயிரம் டிகிரி சூடான பிளாஸ்மா சுடரில் தூளைத் தூவி உருக்கி அடிப்பார்கள். பாலியஸ்டர் சுமார் 260 டிகிரியில் உருகிவிடும். அதனால்தான் முந்தின பதிலில் சொன்னபடி ஊறவைப்பது, முக்குவது போன்ற குளிர்ச்சியான வழிகள்.

இன்னொன்று, உலோகத் தண்டு வளையாது. இழை வளையும், முறுக்கும், நீளும். ஹைட்ராக்ஸிஅபடைட் பீங்கான் வகையைச் சேர்ந்தது. தடிமனாகப் பூசினால் இழை வளையும்போது விரிசல் விட்டு உதிரும். ஆகவே மிக மெல்லியதாக, அல்லது கைட்டோசான், கொலாஜன் போன்ற இளகுவான பொருளோடு கலந்து பூச வேண்டியிருக்கிறது. கடைசியில் கிருமி நீக்கம் வேறு இருக்கிறது. எத்திலீன் ஆக்சைடு வாயுவையோ காமா கதிரையோ தாங்காத பூச்சு எவ்வளவு நல்லதானாலும் ஆபரேஷன் தியேட்டருக்குள் போக முடியாது.

"அப்போ முழு ஜவ்வுக்கும் பூசிடலாமே அக்கா, ரெண்டு மடங்கு ஸ்ட்ராங் ஆயிடும்ல?"

கூடாது தம்பி. பூச்சு எலும்பை அழைப்பதற்கு. மூட்டுக்கு நடுவே எலும்பு வந்தால் முட்டி மடங்காது. தாதுத் துகள் அங்கே உதிர்ந்தால் குருத்தெலும்பைத் தேய்க்கும். நடுப்பகுதிக்கு வேண்டியது மென்மையான திசு. இழைகளுக்கு நடுவே அந்தத் திசு புகுந்தால் இழையும் இழையும் உரசுவது குறையும், துகள் உதிர்வதும் குறையும். அதற்காக ஹையலூரோனிக் அமிலம், கொலாஜன் போன்றவற்றை முயல்கிறார்கள்.

நம் உடல் செய்திருப்பதும் அதைத்தான். இயற்கை ஜவ்வு எலும்போடு சேரும் இடத்தில் ஜவ்வு, மென் குருத்தெலும்பு, தாதுப் படிந்த குருத்தெலும்பு, எலும்பு என்று நான்கு நிலையாகப் படிப்படியாக இறுகுகிறது. இழுவிசை ஓரிடத்தில் குவியாமல் இருப்பது இதனால்தான். எந்தப் பூச்சும் இன்னும் இந்த நான்கு நிலையையும் முழுதாகக் கொண்டுவரவில்லை.

"பூச்சு கரைஞ்சு போயிடுச்சுன்னா?"

எலும்பு வந்து சேர்ந்த பிறகு மெல்லக் கரைந்தால் நல்லதே. எலும்பு வருவதற்கு முன் போய்விட்டால் பூசாத பாலியஸ்டர்தான் மிஞ்சும். கரையாமல் செதிலாக உதிர்வதுதான் மோசம்.

"ஆட்டுலயும் முயல்லயும் பண்ணிட்டு மனுஷனுக்குப் பொருந்தும்னு எப்படிச் சொல்றாங்க?"

முழுசாகப் பொருந்தும் என்று யாரும் சொல்லக் கூடாது. முயல் எலும்பு நம்முடையதைவிட வேகமாக ஆறும். ஆடு நாலு காலில் எடையைப் பகிர்ந்துகொள்ளும், ஒரு காலை மட்டும் ஓய்வாக வைத்திரு என்று அதனிடம் சொல்லவும் முடியாது. முக்கியமாக ஒன்றைக் கவனியுங்கள். பல முயல் ஆய்வுகளில் ஜவ்வை மூட்டுக்குள்ளேயே வைப்பதில்லை. மூட்டுக்கு வெளியே கால் எலும்பில் துளை போட்டு வைத்துவிட்டு, சில வாரங்கள் கழித்து இழுத்துப் பார்க்கிறார்கள். அங்கே மூட்டுத் திரவம் இல்லை, சரியான இழுவிசையும் இல்லை. மேலே நான் சொன்ன சுழற்சியைத் தொடங்கி வைக்கும் இரண்டு காரணங்களும் அந்தச் சோதனையில் கிடையாது.

ஆகவே "எலும்பு ஒட்டுதல் கூடியது" என்ற செய்தியைப் படிக்கும்போது மூன்று விஷயம் தேடுங்கள். எந்த விலங்கு, மூட்டுக்குள்ளா வெளியேவா, எத்தனை வாரம். கடைசியாக, மைக்ராஸ்கோப்பில் எலும்பு கூடுதலாகத் தெரிந்தது மட்டுமா, இழுத்தபோதும் கூடுதல் விசை தேவைப்பட்டதா என்பதையும் பாருங்கள். முதலாவது நடந்து இரண்டாவது நடக்காமல் போவது உண்டு. அதற்காக இந்த ஆய்வுகள் வீண் என்று அர்த்தமில்லை. எந்தப் பூச்சைக் கைவிடலாம் என்று மனிதர்களைத் தொடாமலே அவை சொல்லிவிடுகின்றன.

"இப்போ கோயம்புத்தூர் போனா பூச்சு போட்ட ஜவ்வு வெச்சு விடுவாங்களா?"

மேலே சொன்ன பூச்சுகளில் பெரும்பாலானவை ஆய்வகத்திலும் விலங்குச் சோதனையிலும்தான் இருக்கின்றன. இன்று உங்களுக்குச் செயற்கை ஜவ்வு என்று சொல்லப்பட்டால், அது பூசாத பாலியஸ்டராக இருக்கவே வாய்ப்பு அதிகம். முதல் முறை ஆபரேஷனுக்குப் பெரும்பாலான மருத்துவர்கள் சொந்தத் தசைநாரையே விரும்புவதன் காரணம், அது உயிருள்ள திசுவாக மாறி எலும்போடு சேரும் என்பதுதான். ஒரே நேரத்தில் பல ஜவ்வுகள் அறுந்தவர், முன்பே ஆபரேஷன் ஆகி எடுக்கத் தசைநார் இல்லாதவர் போன்றவர்களுக்குச் செயற்கை ஜவ்வு பேச்சுக்கு வருகிறது.

மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். என் தசைநாரை எடுக்காமல் இதை ஏன் சொல்கிறீர்கள், இதன் மேற்பரப்பில் ஏதாவது பதப்படுத்தியிருக்கிறதா, அது மனிதர்களில் எத்தனை வருடம் பார்க்கப்பட்டது, இது தோற்றால் அடுத்து என்ன வழி. நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளை வரவேற்பார். ஜவ்வின் பெட்டியில் வரும் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒட்டித் தரச் சொல்லி வாங்கி வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறொரு மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

"என் சொந்தத் தசைநாரையே வெச்சுக்கறேன். அதுக்கு இந்தப் பூச்சைப் போட முடியாதா?"

முடியும், அதுவும் மனிதர்களிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். ஜப்பானின் சுகுபாவில் உள்ள குழு, எடுத்த தசைநாரைக் கால்சியம் கரைசலிலும் பாஸ்பேட் கரைசலிலும் மாறி மாறி ஊறவைத்து, தாது படிந்த பிறகு துளைக்குள் வைத்தது. ஆபரேஷன் நடக்கும் நேரத்திலேயே முடிகிற வேலை. முட்டியின் தளர்ச்சியும் துளை அகல்வதும் குறைந்ததாக எழுதியிருக்கிறார்கள். எல்லா ஊரிலும் வழக்கத்துக்கு வந்துவிடவில்லை. ஆனால் பாலியஸ்டரின் தொல்லைகள் இல்லாமல் பூச்சின் நன்மை மட்டும் கிடைக்கும் வழி என்பதால், இந்தத் துறையில் நான் ஆவலோடு கவனிப்பது இதைத்தான்.

"செயற்கை ஜவ்வுன்னா ரெண்டே வாரத்துல கொழுந்துக்குப் போயிடலாம்னு பக்கத்து லைன்ல சொல்றாங்க. நிஜமா?"

சரிவான தோட்டத்துக்கு இல்லை. இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. சொந்தத் தசைநார் வைத்தால் அது முதல் சில மாதங்களில் மெலிந்து, பிறகுதான் வலுப்பெறும். துளைக்குள் எலும்போடு சேரவே 8 முதல் 12 வாரம் ஆகும். செயற்கை நாருக்கு மெலிவு கிடையாது, முதல் நாளிலேயே முழு வலு. அதனால் சீக்கிரம் கால் ஊன்றவும் நடக்கவும் விடுகிறார்கள். ஆனால் ஸ்க்ரூ கேள்விக்கான பதிலைத் திரும்பப் பாருங்கள். வலு நூலில் இருக்கிறது, பிடிப்பு இன்னும் வரவில்லை. பூச்சு பிடிப்பைச் சீக்கிரம் வரவழைக்கலாம், முதல் வாரத்திலேயே கொண்டுவந்துவிடாது. அசைவு கூடினால் பூச்சு போட்டும் பயனில்லை.

மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் கெடுதல். இறங்கும்போது தொடையின் முன்தசை கிட்டத்தட்ட நீட்டிய முட்டியில் உடல் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. அப்போது அது கீழ் எலும்பை முன்னால் இழுக்கும். ஏசிஎல் தடுக்க வேண்டிய இழுப்பு சரியாக அதுவே. மழை நாளில் கொழுந்து மூட்டையோடு தோட்டத்துப் படியில் இறங்குவது இன்னும் மோசம், வழுக்கினால் கால் முறுக்கும். அதனால் நான் சொல்லும் வரிசை: முதலில் சமதளம், பிறகு கைப்பிடி உள்ள படி, பிறகு வெறும் கையோடு சரிவு, கடைசியாகத்தான் மூட்டையோடு சரிவு. எப்போது அடுத்ததற்குப் போகலாம் என்பதை நாள்கணக்கு முடிவு செய்யாது. வீக்கம் இல்லாமை, தொடைத் தசையின் வலு, ஒற்றைக் காலில் தடுமாறாமல் நிற்பது, இவைதான் சொல்லும். ஃபுட்பால் பையன்களுக்கு 9 மாதத்துக்கு முன் மைதானம் வேண்டாம். தினக்கூலியை நம்பியிருக்கும் ஒருவரிடம் இதைச் சொல்வது எனக்கு எளிதில்லை. ஆனால் இரண்டாவது ஆபரேஷன் அதைவிட அதிக நாளைத் தின்றுவிடும். மருத்துவரிடம் கடிதம் வாங்கி, தோட்ட நிர்வாகத்திடம் சில மாதம் சமதள வேலை கேளுங்கள்.

"டிசம்பர்ல உறைபனி விழும்போது உள்ள இருக்கற பிளாஸ்டிக் சுருங்கி இழுக்குமா?"

சுருங்காது. மூட்டுக்குள் உடலின் வெப்பம் இருக்கிறது, வெளியே புல்லில் பனி உறைந்தாலும் உள்ளே பாலியஸ்டரில் உணரத்தக்க மாற்றம் வராது. குளிரில் இறுகுவது தசையும் மூட்டைச் சுற்றிய திசுவும். காலையில் கம்பளி சுற்றி, உட்கார்ந்தபடி முட்டியைப் பத்து நிமிடம் மடக்கி நீட்டிவிட்டு வெளியே போங்கள்.

"எம்ஆர்ஐ எடுக்கலாமா? மெட்டல் டிடெக்டர்ல கத்துமா?"

பாலியஸ்டர் காந்தத்துக்கு இழுபடாது. ஸ்க்ரூ டைட்டானியமாக இருந்தால் எம்ஆர்ஐ எடுப்பதற்குப் பொதுவாகத் தடையில்லை. ஸ்கேன் எடுப்பவரிடம் அந்த ஸ்டிக்கரைக் காட்டிவிடுங்கள்.

"எலும்பு ஒட்டிடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

உயிரோடு இருக்கும் ஒருவரின் முட்டியில் இதை நேராக அளந்து சொல்ல ஒரு சோதனையும் இல்லை. சுற்றி வளைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம். எக்ஸ்ரேயிலும் சிடி ஸ்கேனிலும் துளையின் அகலத்தை முதலில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அகலாமல் இருந்தால் நல்ல அறிகுறி. மருத்துவர் கையால் இழுத்துப் பார்த்து முட்டியின் தளர்ச்சியைச் சோதிப்பார். நீங்கள் வீட்டில் கவனிக்க வேண்டியது வேலைக்குப் பிறகு திரும்பத் திரும்ப வரும் வீக்கம், முட்டி திடீரென்று நழுவும் உணர்வு, முன்பு மடங்கிய அளவுக்கு இப்போது மடங்காமை. காய்ச்சலோடு முட்டி சிவந்து சூடாக இருந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்துவதில் பீடி, சிகரெட் முன்னணியில் இருக்கின்றன. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை அடுத்தது. எந்தப் பூச்சைப் பற்றிக் கேட்பதற்கு முன்பும் இந்த இரண்டைச் சரி செய்யுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

"எலும்பு நல்லா ஒட்டிக்கிச்சுன்னு வைங்க. பின்னால ஜவ்வு அறுந்து மாத்தணும்னா எப்படி எடுப்பாங்க?"

நடுப்பகுதி அறுந்தால், எலும்புக்குள் நன்றாகச் சேர்ந்துவிட்ட முனைகளை எடுப்பது கஷ்டம்தான். சுற்றியுள்ள எலும்போடு சேர்த்துத் துளைத்து எடுக்க வேண்டிவரலாம், அல்லது பழைய முனையை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதுத் துளை போடலாம். இடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஒட்டாத ஜவ்வு உருவுவதற்கு எளிது, ஆனால் அது விட்டுப்போகும் துளை பெரும்பாலும் அகன்றிருக்கும். அப்போது இடுப்பெலும்பிலிருந்தோ எலும்பு வங்கியிலிருந்தோ எலும்பு எடுத்து அந்தத் துளையை நிரப்பி, அது இறுகச் சில மாதம் காத்திருந்து, பிறகு இன்னொரு ஆபரேஷனில் புது நார் வைப்பார்கள். இரண்டில் எது பரவாயில்லை என்று கேட்டால், எலும்பு கெட்டியாக இருக்கும் முதல் நிலைமையையே நான் சொல்வேன். இருபது வயதில் செயற்கை ஜவ்வு வைக்கலாமா என்று யோசிக்கிறவர்கள், அது வாழ்நாள் முழுக்க வருமா என்று கேட்பதோடு நிறுத்தாமல், மாற்ற வேண்டி வந்தால் எலும்பு எவ்வளவு மிஞ்சும் என்பதையும் ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.